தவக்காலத்து முட்டைகளும் எங்கள் பங்குக் கோயிலும்

சாமியார் கைத்தடியால் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். செங்கல் பூச்சில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. காரைத் தூள் கொஞ்சம் அவர் கறுப்பு அங்கியில் உதிர்ந்தது. அதைத் தட்டிவிடாமல் என்னைப் பார்த்தார்.

"சவரிமுத்து, மேற்றிராணியார் ஆண்டவர் பாஸ்குத் திருநாள் கழிந்த வாரம் வருகிறார். ஓடைக்குடியையும் பார்ப்பார், உங்கள் ஊரையும் பார்ப்பார். இரண்டில் ஒன்று பங்காகும். அங்கே ஒரு குரு குடியிருப்பார். மற்ற ஊருக்கு மாதம் ஒரு பூசை, இப்போது போல."

"எதை வச்சு முடிவு செய்வாக, சாமி?"

"அங்கே குடும்பங்கள் அதிகம். கோயிலும் முடிந்துவிட்டது, வெள்ளையடித்துவிட்டார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூரைக்கு ஓடு வேய்ந்தாகிவிட்டது, பீடத்துக்குக் கல் வந்துவிட்டது. சுவர் மட்டும் அம்மணம். நான் சொன்னேன், "எங்ககிட்ட நான் இருக்கேன், சாமி."

மேற்றிராணியார் என்றால் பிஷப், பாஸ்கு என்றால் ஈஸ்டர். சாமியார் பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் எங்கள் நாக்கில் வராது. நாங்கள் வைத்த பெயர் தாடிச் சாமி. அந்தத் தாடிக்குள் அவர் சிரித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு தேவகோட்டையிலிருந்து ஒரு வாத்தியார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "கிழவர் ஊரில் நடந்த எல்லாவற்றையும் தானே செய்ததாக எழுதுகிறார்." செய்தேன், எழுதுகிறேன். செய்யாதவர்கள் எழுதாமல் இருக்கட்டும்.

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அரிச்சுவடி முடிந்த கையோடு தலையில் கூடை ஏறிவிட்டது. தொண்டிக் கடற்கரையிலிருந்து கிளிஞ்சல் மூட்டை ஏற்றி வரும் வண்டிகளோடு நடந்தேன். பிறகு அந்தக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாயில் நெருப்புக்கு நின்றேன். பிறகு காளவாயே என்னுடையதாயிற்று. காரைக்குடியைச் சுற்றி நகரத்தார் கட்டிய எத்தனையோ வளவு வீடுகளின் சுவர்களில் என் காளவாய்ச் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த வீடுகளுக்குள் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆனால் அந்தச் சுவர்களை இன்றைக்கும் தடவிப் பார்த்து, இது நம்ம சரக்கு என்று என்னால் சொல்ல முடியும்.

இது எந்த வருசம் என்று கேட்காதீர்கள். பர்மாத் தேக்கு தடையில்லாமல் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஏன் ஒரு சாமியார் வேண்டியிருந்தது

எங்கள் செங்காட்டுப்பட்டி கண்டரமாணிக்கத்துக்கு இந்தப் பக்கம். அப்போது கிறிஸ்தவர்களான வேதக்காரர் வீடுகள் ஒரே ஒரு தெரு. பூசைக்கு ஒரு கீற்றுக் கொட்டகை. மாதத்தில் ஒரு நாள் சாமியார் மாட்டு வண்டியில் வருவார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், பூசை வைப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் ஜெபமாலை சொல்லிக்கொடுப்பார். உயிர் போவதற்கு அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

என் தாயார் அந்த நாளைப் பார்த்துப் போகவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. ஆள் அனுப்பினோம். ஓடையில் தண்ணீர், வண்டி இறங்கவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "வண்டிச் சத்தம் கேக்குதாடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சாமியார் வந்தபோது குழியை மூடிக்கொண்டிருந்தோம். சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் செய்யும் அவஸ்தைப் பூசுதல் இல்லாமல், நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் போனாள். ஈர மண்மேல் நின்று அவர் மந்திரம் சொன்னார். நான் மண்வெட்டியைக் கீழே போடவில்லை.

அந்த வருசமே நான் கோயில் கட்ட ஆரம்பித்தேன். ஊர் கட்டியது என்று சொல்வார்கள். ஊர் செங்கல் சுமந்தது, உண்மை. ஆனால் முதல் செங்கல் யார் சொல்லி இறங்கியது என்று கேட்டுப் பாருங்கள்.

வெள்ளையடித்தால் போதுமா

சாமியார் போனதும் உபதேசியார் சொன்னார், "சவரிமுத்து, வெறும் பூச்சு பூசி வெள்ளையடிச்சுருவோம். பாஸ்குக்குள்ள முடிஞ்சுரும்."

"ஓடைக்குடியிலயும் அதத்தானே செஞ்சிருக்காக? தலையை எண்ணினா அவுகதான் கூட. சுவரும் ஒண்ணு போல இருந்தா மேற்றிராணியார் எதைப் பாத்து நமக்குத் தருவாக?"

"அப்ப என்ன செய்யணுங்கிற?"

"வளவு வீட்டுப் பூச்சு."

"செட்டியார் வீட்டுப் பூச்சா? கோயிலுக்கா?" என்றார்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பளிங்கு போல முகம் தெரியும், கோடையில் கன்னத்தை வைத்தால் குளிரும். அது சும்மா வருவதில்லை. சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அடிப்பூச்சு. அதற்குமேல் அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலந்து கடைசிப் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே கூழாங்கல்லால் தேய் தேய் என்று தேய்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் தழும்பு விழும்.

சுண்ணாம்பு என்னிடம் இருந்தது. காளிமுத்துக் கொத்தனார் என் சொல்லைத் தட்டமாட்டார். அவர் வேறு சாமி கும்பிடுகிறவர்தான், ஆனாலும் "கோயில் வேலைன்னா கோயில் வேலைதான்ணே" என்று ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார். இல்லாதது முட்டை. சுற்றுவட்டாரச் சந்தை முட்டையெல்லாம் அப்போது எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. படித்தவர்கள் யாருக்கும் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அடுத்த புதன் விபூதிப் புதன். அன்றிலிருந்து பாஸ்கு வரை எங்கள் ஊரில் ஒருசந்தி, சுத்தபோசனம். கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது. கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும்.

மதினியின் சட்டம்

கோழி பெண்களுடையது. ஆண்பிள்ளை அதில் வாய் வைக்க முடியாது. விபூதி பூசிக்கொண்ட நெற்றியோடு பெண்கள் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது விசயத்தைச் சொன்னேன். எல்லாரும் என் மதினியைத் திரும்பிப் பார்த்தார்கள். என் அண்ணன் மனைவி, பெயர் சூசையம்மாள். இடுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை, வாயில் எப்போதும் ஒரு பதில்.

"திங்காத முட்டையைக் குடுக்கிறதுல எங்களுக்கு என்ன போச்சு, கொழுந்தனாரே? வாங்கிக்கங்க. ஆனா அடைக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கிற முட்டைல கை வைக்கக்கூடாது. அது எங்க வருசத்துக் குஞ்சு."

"யாரு கை வைக்கப் போறா?"

"இன்னொண்ணு கேக்கணும். புதுக் கோயில்ல நாங்க எங்குட்டு உக்காருறது?"

"இப்ப உக்காருற மாதிரித்தான். ஆம்பளைக முன்னால, பொம்பளைக பின்னால." இது ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தது.

"நல்லாப் பேசுனீக" என்று பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து முட்டை வந்தது. காலையில் கோயில் வாசலில் தவிடு போட்ட கூடைகள் வரிசையாக இருக்கும். கொத்தனார் உடைப்பார், வெள்ளையை ஊற்றுவார், மஞ்சளைப் பானையில் விடுவார். முதல் வாரமே பானை நிறைந்துவிட்டது. இந்த மஞ்சளை யார் தின்பது? எங்களுக்குச் சுத்தபோசனம். கொத்தனார் ஆட்கள் குடித்துக் குடித்து, "அண்ணே, இனிமே முட்டைன்னு சொன்னாலே குமட்டுது" என்று கும்பிட்டார்கள். உபதேசியார் பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், ஊர் ஆத்துமாக்களுக்குச் சோதனை வந்துவிடக்கூடாதென்று.

அவர் காவல் காத்தால் மஞ்சள் நாறாமல் இருக்குமா? காரைக்குடி வண்டிப்பேட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் பானையோடு அனுப்பினேன். அவர் கடையில் அது வட்டலப்பம் என்கிற முட்டை இனிப்பாகிவிடும். பதிலுக்கு எங்கள் பூச்சுக்கு வேண்டிய கருப்பட்டியை அதே பானையில் போட்டு அனுப்புவார். எங்கள் கோயில் சுவரில் ராவுத்தர் கடைக் கருப்பட்டியும் இருக்கிறது. இதை நான் எழுதாவிட்டால் யார் எழுதப்போகிறார்கள்?

கிளியன்வயல் வண்டி

வாசல் பக்கத்திலிருந்து பூசிக்கொண்டே வந்தோம். குருத்தோலை ஞாயிறுக்குள் பக்கச் சுவர்கள் இரண்டும் முடிந்து மின்னின. பாக்கி பீடத்துச் சுவர் ஒன்றுதான். சாமியார் கண்ணும் சனங்கள் கண்ணும் விழுகிற சுவர் அது. அதைக் கொத்தனார் கடைசிக்கென்று வைத்திருந்தார். அதற்கு வேண்டிய முட்டையைத் தருவதாகக் கிளியன்வயல்காரர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது எங்கள் கோயிலைச் சேர்ந்த சனங்கள் இருந்த தூரத்துக் குடியிருப்பு. அதை நம்பித் திங்கட்கிழமை காலையில் அடிப்பூச்சைப் பூசிவிட்டோம். அது காய்வதற்குள் மேல்பூச்சு ஏற வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது.

சாயங்காலம் வண்டி வந்தது. வைக்கோலுக்குள் வைத்து, தாய் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். கொத்தனார் ஒன்றை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினார். ஒன்றும் ஒழுகவில்லை. இன்னொரு தட்டுத் தட்டி ஓட்டை உரித்தார். உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று முழு முட்டை நின்றது.

"இதென்ன பெரியவரே, அவிச்சிருக்கு?"

வண்டியோடு வந்த பெரியவர் ஞானமுத்து பெருமையாகச் சொன்னார், "பின்னே? இம்புட்டுத் தூரம் வெயில்ல வரணுமில்ல. பச்சையா வந்தா ஒடையும், அழுகும். நெல்லை அவிச்சு வச்சா வருசமானாலும் கெடுதா? அந்த மாதிரித்தான். நெல்லு அவிக்கிற அண்டாவுலயே போட்டு, தீர்த்தம் தெளிச்சு அவிச்சாக எங்க பொம்பளைக. வெள்ளைதானே வேணும்னீக, உள்ள வெள்ளையாத்தானே இருக்கு?"

கொத்தனார் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தார். பெரியவருக்கு அப்போதும் விளங்கவில்லை. அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ரொம்ப நல்ல காரியம் செஞ்சீக" என்று மோர் கொடுத்து அனுப்பினேன். குமட்டுகிறது என்ற ஆட்கள் அன்றைக்கு உப்புத் தொட்டு வண்டியைக் காலி செய்தார்கள்.

"அண்ணே, நாளை மறுநாளோட சரி. அதுக்குமேல அடிப்பூச்சு ஏத்துக்காது" என்றார் கொத்தனார். புதன்கிழமையை விட்டால் வேறு நாளும் இல்லை. பெரிய வியாழன் தொடங்கிப் பாஸ்கு வரை எங்கள் ஊரில் சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது, கரண்டி எடுக்கக்கூடாது. ஆண்டவரை ஆணியடித்த நாட்கள்.

வடக்குச் சுவரில் விழுந்த கடப்பாரை

விடிந்ததும் மதினி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்தது தெருவுக்கே தெரிந்திருந்தது.

"வாங்க கொழுந்தனாரே. அவிச்ச முட்டை வெல என்ன?"

"மதினி, சிரிக்கிற நேரமில்ல. அடைக்கு ஒதுக்குனது வேணும். உங்க வீட்டுதும், தெருவுல எல்லார் வீட்டுதும். நீங்க சொன்னாத் தருவாக."

முறத்தை வைத்துவிட்டாள். "தந்தா இந்த வருசம் குஞ்சு கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. சின்னப் புள்ளையில நான் மொத மொதல் புதுநன்மை வாங்குன அன்னைக்கு முன்னால உக்காந்தேன். அன்னைக்குத்தான் சாமியார் நடுப்பூசையில அப்பத்தைத் தூக்கினதைக் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் இத்தனை வருசமா ஆம்பளைக முதுகைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மணிச் சத்தம் கேட்டா, சரி, தூக்கிட்டாகன்னு நானா நெனச்சுக்கிறேன். புள்ளை அழுதா அத்தனை பேரையும் தாண்டி வெளிய போகணும். திரும்பி வர்றதுக்குள்ள பூசை முடிஞ்சிருது."

"இப்ப என்ன செய்யணும்?"

"கோயிலை நீளவாக்குல பாதியா வகுங்க. தெக்கே உங்களுக்கு, வடக்கே எங்களுக்கு, பீடம் வரைக்கும். வடக்குச் சுவத்துல முன்னாடி எங்களுக்குன்னு ஒரு வாசல். வாசல் வந்தா முட்டை வரும்."

"பூசி முடிச்ச சுவரு மதினி அது."

"எங்க முட்டை பூசுன சுவருதானே?"

பேச்சில் நான் தோற்ற இடம் என் ஆயுசில் ரொம்பக் குறைவு; அது ஒன்று. நேரே கோயிலுக்குப் போய் விசயத்தைச் சொன்னேன்.

உபதேசியார் குதித்தார். "இன்னைக்கு வாசல் கேப்பாக, நாளைக்குப் பீடத்துல ஏறணும்பாக. பெரியவுக பேசி முடிச்சதை மாத்த நீ யாரு?" பெரியவர்கள் இரண்டு பேர் அவர் பக்கம் நின்றார்கள். நான் கேட்டேன், "மேற்றிராணியார் வரும்போது பீடத்துக்குப் பின்னால மொட்டைச் சுவரைக் காட்டுவீகளா? அடுத்த மழைக்கு யார் வீட்டுல யாரு கிடப்பாகன்னு தெரியுமா உங்களுக்கு? அன்னைக்கு ஓடைக்குடிக்கு ஆள் அனுப்பிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பீகளா?" பெரியவர்கள் இரண்டு பேரும் வழிவிட்டார்கள். அந்தத் தெருவில் அப்படிப் போன உயிர் என் தாயார் ஒருத்தி மட்டுமல்ல.

கடப்பாரையை நான்தான் முதலில் போட்டேன். மின்னிக்கொண்டிருந்த பூச்சு ஓடு மாதிரி சிதறியது. கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, ஒடைச்சாச்சு. நிலைக்கு எங்க போறது? ஆசாரிக்குச் சொல்லி வர்றதுக்கு மாசமாகும்."

என் சொந்த வீட்டுத் தலைவாசலுக்கென்று பர்மாத் தேக்கில் ஒரு நிலை வாங்கி, பூவேலை செய்து, கொட்டிலில் வைத்திருந்தேன். அதைத் தூக்கி வரச் சொன்னேன். என் வீட்டுக்கு இன்றைக்கும் வேப்ப நிலைதான். வருகிறவர்கள், "இம்புட்டுப் பெரிய வீட்டுக்கு வேம்பா" என்று கேட்பார்கள். வடக்கு வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

செவ்வாய் சாயங்காலம் நிலை ஏறிவிட்டது. புதன் காலையில் பெண்கள் வந்தார்கள். தவிட்டுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையாக, அந்தப் புது வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள். கொத்தனார் கையில் தரவில்லை. அவர்களே உட்கார்ந்து உடைத்தார்கள், வெள்ளையைப் பிரித்தார்கள், நுரைக்க அடித்தார்கள். மதினி முதல் முட்டையைத் தட்டுமுன் ஒரு நிமிசம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தட்டினாள். ஆட்கள் ஈரம் காயுமுன் மூச்சு விடாமல் தேய்த்தார்கள். பொழுது சாயும்போது பீடத்துச் சுவரில் மேற்குச் சன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுகிற மாதிரி விழுந்தது. உபதேசியார் கூட கிட்டே வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

மேற்றிராணியார் வந்தார்

பாஸ்கு கழிந்த வாரம் ஓடைக்குடியைப் பார்த்துவிட்டு மேற்றிராணியார் வந்தார். வாழைமரம், மேளம், வேட்டு, ஒன்றும் குறைவில்லை. உள்ளே நுழைந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். மோதிரம் போட்ட கையால் தடவினார்.

"பளிங்குக்கல்லா?"

"முட்டை, ஆண்டவரே" என்றேன்.

தாடிச் சாமி தங்கள் இருவர் பாசையில் விவரத்தை விளக்கினார். மேற்றிராணியார் கேட்டுக்கொண்டே நடந்து வடக்கு வாசல் முன் நின்றார். பூசின சுவரைப் பிறகு வெட்டியிருப்பது ஓரத்தில் தெரிந்தது.

"இது பிற்பாடு வைத்த வாசல் போலிருக்கிறதே. யாருக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் மதினி பேசிவிட்டாள். "எங்களுக்கு, ஆண்டவரே. முட்டை எங்களது, வாசலும் எங்களது."

 மேற்றிராணியார் அவள் இடுப்பிலிருந்த பிள்ளை நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் பீடத்துக்குப் போனார்.

பூசை நடந்தது. நடுப்பூசை மணி அடித்தபோது ஆண்கள் எல்லாரும் வழக்கம்போல் தலையைக் குனிந்தோம். நான் ஓரக்கண்ணால் வடக்கே பார்த்தேன். பெண்கள் ஒருத்தியும் குனியவில்லை. அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி, அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் உயர்ந்த வெள்ளை அப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி கண்ணைச் சிமிட்டவே இல்லை. பிள்ளை அழுதது. அவள் எழுந்து போகவில்லை, முதுகைத் தட்டிக்கொண்டே பார்த்தாள்.

பூசை முடிந்தது, சாப்பாடு முடிந்தது, மேற்றிராணியார் முடிவு என்னவென்று சொல்லவில்லை.  வெயில் தாழ்ந்ததும் வண்டிகளைப் பூட்டினார்கள். வண்டிக்காரன் தாடிச் சாமியின் தகரப் பெட்டியை எடுத்துத் தோளில் வைத்தான்.

மேற்றிராணியார் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார், "அந்தப் பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

வண்டிக்காரனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நானே போய் அவன் தோளிலிருந்து இறக்கினேன். கனமான பெட்டி, புத்தகம் போலிருக்கிறது. அதை நான் சுமந்த மாதிரி யாரும் சுமந்திருக்க முடியாது.

"கொழுந்தனாரே" என்று பின்னாலிருந்து மதினி குரல். "சாமியாருக்கு ராச்சாப்பாடு நம்ம வீட்டுல. குழம்புதான். கோழி கேட்டுறாதீக, அது சுவத்துல இருக்கு."

அன்றிலிருந்து செங்காட்டுப்பட்டி ஒரு பங்கு. சாமியார்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், ஓடைக்குடிக்கும் பிற்பாடு ஒருவர் வந்துவிட்டார். மழையோ வெயிலோ, எங்கள் தெருவில் நெற்றியில் எண்ணெய் படாமல் அதற்குப் பிறகு ஓர் உயிரும் போனதில்லை. மதினிக்கும் பூசினார்கள், உபதேசியாருக்கும் பூசினார்கள். என் முறையும் வரும். சாமியார் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.